முட்டைக்கோஸ் வேரில் கிழங்கு போல வீக்கம்: கிளப் ரூட் வந்த நிலத்தை என்ன செய்வது?

மேட்டுத்தட்டு (கேள்வி)

கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர். சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம்: மேலே இரண்டு தட்டு, கீழே ஓடையை ஒட்டி ஒரு தட்டு. கோஸ் நட்டு ஆறு வாரம் ஆகிறது. கீழ்த்தட்டில் மட்டும் மதிய வெயிலுக்கு இலை தொங்குகிறது, சாயங்காலம் நிமிர்ந்துவிடுகிறது. அடியிலை பழுக்கிறது, சில செடி வளராமல் அப்படியே நிற்கிறது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க விரல் விரலாக வீங்கி இருக்கிறது. சிலது அழுகி நாற்றம் அடிக்கிறது.

மண் பரிசோதனையில் பிஎச் (மண்ணின் அமில, கார அளவு) 5.1, அதாவது அமில மண். கீழ்த்தட்டில் இதுவரை கோஸ், கேரட், கோஸ், உருளை, மறுபடி கோஸ் என்று போய்க்கொண்டிருக்கிறது. நாற்று வெளியில் வாங்கியது.

இது நூற்புழு முடிச்சா, கிளப் ரூட்டா? நிற்கிற பயிரைத் தேற்ற முடியுமா? சுண்ணாம்பு போடு என்கிறார்கள், எந்தச் சுண்ணாம்பு, சென்ட்டுக்கு எத்தனை கிலோ என்று யாரும் சொல்வதில்லை. அடுத்த போகம் அங்கே என்ன போடலாம்?

வேரும் மண்ணும்

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கிளப் ரூட்தான். உறுதி செய்ய ஒரு வேரைக் கழுவிக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நூற்புழு முடிச்சு பெரும்பாலும் சிறியது, மணி கோத்த மாதிரி சல்லி வேர்களில் வரிசையாக இருக்கும். கீறினால் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளை முத்துகளாகப் பெண் புழுக்கள் தெரியும். கிளப் ரூட்டில் ஆணிவேரும் பக்க வேர்களும் நடுவில் பருத்து இரு முனையும் கூம்பிப் போகும். உள்ளே கெட்டியாக வெளிர் நிறத்தில் இருக்கும், முத்து எதுவும் இருக்காது. பிறகுதான் பழுப்பாகி அழுகும். அந்த நாற்றம் பின்னால் நுழைந்த பாக்டீரியாக்களால் வருவது.

காரணி பிளாஸ்மோடியோபோரா பிராசிகே. 1878இல் ரஷ்யாவில் வோரோனின் விவரித்தது. வெகுகாலம் பூஞ்சை வகையில் வைத்திருந்தார்கள், உண்மையில் அது பூஞ்சை இல்லை. உயிருள்ள வேர் செல்லுக்குள் மட்டும் பெருகக்கூடிய ஒரு செல் உயிரி. பூஞ்சாணக் கொல்லிகள் பலவும் இதனிடம் தோற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணில் உறக்கத்தில் இருக்கும் ஸ்போர் (இந்த உயிரியின் விதை போன்ற நுண்துகள்), பக்கத்தில் கடுகுக் குடும்பச் செடியின் வேர் வந்ததும் முளைக்கிறது. கோஸும் அந்தக் குடும்பம்தான். அதிலிருந்து வெளிவருவது மண்ணீரில் நீந்தி வேர்த்தூவிக்குள் புகுகிறது. அங்கே பெருகி, இரண்டாவது சுற்றில் வேரின் உட்பகுதிக்குப் போகிறது. செடியின் வளர்ச்சி ஹார்மோன்களான ஆக்சினும் சைட்டோகைனினும் தாறுமாறாகி வேர் வீங்குவது இந்த இரண்டாவது சுற்றில்தான். நீர் ஏற்றும் குழாய்கள் நெரிந்துபோவதால் மண் ஈரமாக இருந்தாலும் மதியம் இலை தொங்குகிறது. வீக்கம் அழுகும்போது ஒரு கிராமில் கோடிக்கணக்கான ஸ்போர் மண்ணில் கொட்டுகிறது.

இதற்குப் பிடித்தது மூன்று: 18 முதல் 25 டிகிரி மண் வெப்பம், தேங்கிய ஈரம், 6.5க்குக் கீழே பிஎச். ஓடையோரக் கீழ்த்தட்டில் மூன்றும் இருக்கிறது, மேல்தட்டுகளில் நீர் வடிந்துவிடுகிறது. அதனால் மேலே நோயே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேயும் ஸ்போர் வந்திருக்கலாம், வாய்ப்புக்குக் காத்திருக்கலாம்.

நிற்கிற பயிருக்கு: வீங்கிய வேரைப் பழையபடி ஆக்கும் மருந்து எதுவும் இல்லை. செய்யக்கூடியது, தண்டின் அடியில் புது வேர் விட வைப்பது. நோயில்லாத இடத்து மண்ணும் மக்கிய எருவும் கலந்து, தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு அணையுங்கள். தண்ணீரைக் குறைவாக, அடிக்கடி விடுங்கள். கோஸ் உருண்டை பிடித்திருந்தால் எடை வரும் என்று காத்திருக்காமல் சிறிதாகவே வெட்டிவிடுவது நல்லது. வளராமல் நின்றுவிட்ட செடிகளை இப்போதே, வேர் அழுகுமுன், மண்ணோடு தோண்டி எடுங்கள். அதை எருக்குழியில் போடாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள். மாட்டின் வயிற்றைத் தாண்டியும் ஸ்போர் உயிரோடு சாணத்தில் வரும். ஓடையில் தள்ளினால் கீழே இருக்கிற எல்லாத் தோட்டத்துக்கும் போய்ச் சேரும். காயவைத்து எரிப்பதுதான் வழி.

கோஸ்காரன்

கார்பெண்டசிம் பூஞ்சாணக் கொல்லியை லிட்டருக்கு 1 கிராம் கலந்து வேரில் ஊற்றினால் போதும் அண்ணே. பரிந்துரையிலேயே இருக்கிறது.

வேரும் மண்ணும்

பரிந்துரை உண்டு, மறுக்கவில்லை. நட்ட புதிதில் ஊற்றினால் தொற்றின் வேகம் ஓரளவு குறையும். ஆறு வாரம் கழித்து வீங்கிய வேரில் ஊற்றினால் மருந்துக்குக் காசு போனதுதான் மிச்சம். பிஎச் 5.1 உள்ள மண்ணில் அதை மட்டும் நம்பினால் அடுத்த போகமும் இதே படம்.

சுண்ணாம்புக் கணக்கு

சென்ட்டுக்கு இத்தனை கிலோ என்று யாராவது ஒரே எண் சொன்னால் நம்ப வேண்டாம். நீலகிரி மண்ணில் கரிமச் சத்து அதிகம், களியும் உண்டு. பிஎச்சை மாற்றவிடாமல் இழுத்துப் பிடிக்கும் மண் இது. மணல் கலந்த சமவெளி மண்ணுக்குப் போடுகிற அளவு இங்கே பாதிகூட வேலை செய்யாது. உங்கள் மண்ணே சொல்லட்டும். இப்படிச் செய்யுங்கள்.

கீழ்த்தட்டில் பத்துப் பதினைந்து இடத்தில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்திச் சலியுங்கள். ஆறு பிளாஸ்டிக் பையில் பைக்கு 1 கிலோ. நீற்றிய சுண்ணாம்புத் தூளை முதல் பையில் போடாமல், மற்றவற்றில் 1, 2, 3, 4, 5 கிராம் என்று போட்டு நன்றாகக் கலக்கி, பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, வாயைத் தளர்வாகக் கட்டி இரண்டு வாரம் வையுங்கள். நடுவில் ஓரிரு முறை கிளறிவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலும் 20 கிராம் எடுத்து 50 மி.லி. மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ கலக்கி, அரைமணி கழித்து மீட்டரில் பாருங்கள். லிட்மஸ் காகிதம் இந்த வேலைக்கு உதவாது.

7.2க்கு வந்த பை எதுவோ அதுதான் உங்கள் அளவு. ஒரு சென்ட்டில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 6 டன் மண் இருக்கும், மண் கனமானால் 8 டன். ஆகக் கிலோவுக்கு 1 கிராம் என்பது சென்ட்டுக்கு 6 முதல் 8 கிலோ. 4 கிராம் போட்ட பையில் 7.2 வந்தது என்று வைத்துக்கொண்டால் சென்ட்டுக்கு 24 முதல் 32 கிலோ நீற்றிய சுண்ணாம்பு. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும், ஏக்கருக்கு இரண்டரை டன்னிலிருந்து மூன்று டன்னைத் தாண்டுகிறது. 5.1லிருந்து 7.2க்கு ஏற்றுவது அவ்வளவு பெரிய வேலைதான். ஏக்கருக்கு நாலு மூட்டை தூவிவிட்டு, "சுண்ணாம்பு போட்டும் கேட்கவில்லை" என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

எந்தச் சுண்ணாம்பு: நீற்றியது வேகமானது, இரண்டு வாரத்தில் வேலை செய்யும். அரைத்த சுண்ணாம்புக்கல் தூள் மெதுவானது, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் நின்று பேசும். சுத்தமான கல்தூள் என்றால் மேலே வந்த எடையை 1.35ஆல் பெருக்குங்கள். டோலமைட்டில் மெக்னீசியமும் இருக்கிறது, இன்னும் மெதுவாகக் கரையும். தேயிலைக்குப் போடுவதற்காக எளிதில் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். கிளப் ரூட்டை அடக்குவதில் பிஎச்சோடு கால்சியத்துக்கும் பங்கு உண்டு, அதனால் மண்ணில் மெக்னீசியம் குறைவு என்று பரிசோதனை சொன்னால் மட்டும் ஒரு பகுதியை டோலமைட்டாகப் போடலாம். எதுவானாலும் மாவு போல இருக்க வேண்டும். குருணையாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஜிப்சம் போடாதீர்கள், அதில் கால்சியம் உண்டு, ஆனால் பிஎச் ஏறாது.

ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். நீற்றியது என்றால் ஒரு தடவைக்குச் சென்ட்டுக்கு 10–12 கிலோவுக்கு மேல் வேண்டாம். பாதியைத் தூவி உழுது, மீதிப் பாதியைத் தூவிக் குறுக்கே இன்னொரு உழவு. பவர் டில்லர் மேலோட்டமாகக் கிளறிவிட்டுப் போனால் கீழே அமில மண் திட்டுத் திட்டாக இருக்கும், வேர் அங்கே போனதும் தொற்றிக்கொள்ளும். சுண்ணாம்பு தோற்கிற இடங்களில் பெரும்பாலும் இதுதான் கதை. ஈரமில்லாத மண்ணிலும் வேலை நடக்காது. தூவும்போது கண்ணாடி, முகக்கவசம், கையுறை கட்டாயம். நீற்றிய தூள் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

தொழு உரம், யூரியா, அம்மோனியம் சல்பேட் எதையும் சுண்ணாம்போடு சேர்த்துப் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டு மூன்று வாரம் இடைவெளி விடுங்கள்.

பிஎச் 7ஐத் தாண்டினால் போரான், துத்தநாகம், மாங்கனீசு செடிக்குக் கிடைப்பது குறையும். காலிஃபிளவரில் பூ பழுப்பாவதும் தண்டின் உள்ளே வெற்றுக் கூடாவதும் போரான் பற்றாக்குறை. ஏக்கருக்கு 4 கிலோ போராக்ஸ், அதாவது சென்ட்டுக்கு 40 கிராம், மணலில் கலந்து சீராகத் தூவலாம். அடுத்து பீன்ஸ் என்றால் அந்த அளவைத் தாண்டவே கூடாது, அதிகப் போரான் பீன்ஸுக்கு ஆகாது.

மேட்டுத்தட்டு

ரொம்ப நன்றிங்க. ஒரே ஒரு சங்கடம். கீழ்த்தட்டில் உருளையும் சுற்றில் வருகிறது. பிஎச்சை ஏற்றினால் உருளையில் சொறி வருமே?

வேரும் மண்ணும்

வரும். உருளைச் சொறியை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியா பிஎச் 5.2க்குக் கீழே அடங்கிக் கிடக்கும், அதற்கு மேலே போகப்போகத் துளிர்க்கும். ஒரு நோய்க்குப் பிடிக்காத மண் இன்னொன்றுக்கு வீடு. ஒரே தட்டில் இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு பிஎச் 6 என்று நடுவில் நின்றால் இரண்டு நோயும் சேர்ந்து வரும். நிலத்தைப் பிரித்துவிடுங்கள். கீழ்த்தட்டு சுண்ணாம்பு நிலம்: பூண்டு, பீன்ஸ், பட்டாணி, பீட்ரூட், கேரட், பல ஆண்டுக்கு ஒருமுறை கோஸ். மேல்தட்டில் ஒன்று உருளைக்கு, சுண்ணாம்பு இல்லாமல். அங்கே கடுகுக் குடும்பமே வேண்டாம்.

இன்னொன்று. 1961இல் நீலகிரியில் உருளை முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, உருளையைக் குறைத்துக் கோஸும் கேரட்டும் போடு என்று சொல்லிச் சொல்லியே பயிர்ச்சுற்று மாறியது. அந்தப் புழுவுக்கு அது சரியான வைத்தியம். ஆனால் உருளைக்குப் பதில் கோஸ் மேல் கோஸ் என்று போனால் இந்த நோய்க்கு விருந்து. நூற்புழுவுக்காகச் சொன்ன சுற்றை அப்படியே கிளப் ரூட் நிலத்தில் வைக்கக்கூடாது.

எத்தனை ஆண்டு இடைவெளி என்பதில் ஏமாற வேண்டாம். சுவீடனில் நடந்த ஆய்வில் மண்ணிலுள்ள தொற்று பாதியாகக் குறையச் சுமார் மூன்றரை ஆண்டும், கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மறைய 17 ஆண்டுக்கு மேலும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். கனடாவில் பிந்தி வந்த ஆய்வுகள், பெரும் பகுதி ஸ்போர் முதல் இரண்டு ஆண்டிலேயே செத்துவிடும், மிச்சமிருப்பதுதான் வெகுகாலம் தங்கும் என்கின்றன. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை. குறைந்தது நாலு ஆண்டு விட்டால் சுமை வெகுவாக இறங்கும், நோய் போய்விட்டது என்று ஆகாது. அந்த ஆண்டுகளில் முள்ளங்கி, நூல்கோல், டர்னிப், புரோக்கோலி, சைனீஸ் கோஸ், கடுகு, கடுகைப் பசுந்தாளாக விதைப்பது எல்லாமே கணக்கில் கோஸ்தான். வரப்பில் நாலு இதழ் சிலுவைப் பூ பூக்கும் களையும் அப்படியே. காட்டு முள்ளங்கி ஒரு வரிசை நின்றால் இடைவெளி விட்ட பயன் போச்சு.

குழித்தட்டு

நாற்று வெளியில் வாங்கியது என்று எழுதியிருக்கிறீர்கள், அதை யாரும் தொடவில்லை. புதுத் தோட்டத்துக்கு நோய் வருகிற பெரிய வழி நாற்றுதான். விதைக்குள் இது வராது. மண் பாத்தியில் வளர்த்துப் பிடுங்கிக் கட்டாகக் கட்டி வருகிற நாற்றின் வேரில் ஒட்டிய மண்ணே போதும்.

வாங்கும்போது வேரைக் கழுவிப் பார்த்து வீக்கம் இல்லை என்றால் நல்ல நாற்று என்று நினைப்பது தவறு. தொற்றி மூன்று நாலு வாரம் வரை வெளியே ஒன்றும் தெரியாது, நாற்றின் வயதே அவ்வளவுதான். கேட்க வேண்டியது: எந்த ஊடகத்தில் (மண்ணா, தென்னைநார்க் கழிவா) வளர்த்தது, எந்தத் தண்ணீர், நாற்றுத் தட்டு தரையில் இருந்ததா மேடையில் இருந்ததா.

சொந்தமாகப் போடுவது கடினமில்லை. நாற்று வளர்க்கும் 98 குழித் தட்டு ஒன்றுக்கு மக்கிய தென்னைநார்க் கழிவு சுமார் 1.2 கிலோ. தோட்ட மண் ஒரு கைப்பிடி கூடச் சேர்க்கக் கூடாது. தட்டை மண்ணில் வைக்காமல் பலகை மேலே வையுங்கள். ஓடைத் தண்ணீர் வேண்டாம், கிணறோ குழாயோ போதும். பழைய தட்டுகளை மண் போகத் தேய்த்துக் கழுவி, பிறகு 2 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 20 நிமிடம் ஊறவையுங்கள். கடையில் கிடைப்பது 5 சதவீதமானால் 2 பங்குக்கு 3 பங்கு தண்ணீர். கழுவாமல் ஊற வைத்தால் மருந்தை மண்ணே தின்றுவிடும்.

சூடோமோனாஸ் ஃபுளூரசன்ஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்: விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம், நாற்று நனைக்க லிட்டருக்கு 5 கிராம், நிலத்துக்கு ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ தொழு உரத்தில் கலந்து நடவுக்கு முன். இது துணைதான். சுண்ணாம்பு போட்ட சூட்டோடு இதைப் போடாதீர்கள்.

நாற்று கொஞ்சம் பெரியதாக, வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். வேரைச் சுற்றிச் சுத்தமான ஊடகம் இருந்தால் முதல் சில வாரம் தொற்று தள்ளிப்போகும். பிந்தி வருகிற தொற்றில் சல்லி வேரில் சிறு வீக்கம் இருக்கும், ஆனாலும் கோஸ் எடை பிடித்துவிடும். முந்தி வந்தால் செடியே போச்சு.

மண்வெட்டி, டில்லர் கத்தி, பூட்ஸ்: வேலையை மேல்தட்டில் தொடங்கிக் கீழ்த்தட்டில் முடியுங்கள், திரும்பி மேலே ஏறுமுன் மண்ணைக் கழுவித் தள்ளுங்கள். வாடகை டில்லர் வந்தால் அதையும் நிலத்தில் இறங்குமுன் கழுவச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மேலே எங்காவது கேரட் கழுவுகிற சேற்றுத் தண்ணீர் உங்கள் ஓடையில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

நுவரெலியாப் பக்கம்

இங்கேயும் கோவாவுக்கு (உங்கட கோஸ்) இதே பிரச்சினை இருக்கு. மலைநாட்டு அமில மண், வருசம் முழுக்க மழை, கோவாவுக்குப் பின் நோகோல் (நூல்கோல்), பிறகு ராபு (முள்ளங்கி) என்று ஒரே குடும்பத்தையே சுற்றிச் சுற்றி நடுறது. இடையில் லீக்ஸ் போடுறது நல்ல மாற்று, லீக்ஸுக்கு இந்த நோய் இல்லை, சுண்ணாம்பும் ஒத்துப்போகும். உங்கட பக்கம் பூண்டு அந்த இடத்துக்குச் சரி.

பசளை (உரம்) பற்றி ஒன்று. அம்மோனியம் சல்பேட், யூரியா இரண்டும் மண்ணை இன்னும் அமிலமாக்கும். போட்ட சுண்ணாம்பை ஒரு பக்கம் நீங்களே அழிக்கிற மாதிரி. நட்ட பிறகு மேற்கட்டுப் பசளையாகக் கல்சியம் நைத்திரேற் கொடுத்தால் வேரைச் சுற்றி பிஎச் ஏறும், கல்சியமும் சேரும். அதைச் சல்பேற், பொஸ்பேற் பசளைகளோட ஒரே தொட்டியில் கரைக்க வேண்டாம், அடியில் கட்டியாகப் படிஞ்சிடும்.

பாத்தியை ஓர் அடி உயர்த்தி, மேல் பக்கத்தில் சரிவுக்குக் குறுக்கே கான் (வடிகால்) வெட்டி, மேல்நீர் பாத்திக்குள் வராமல் ஓரமாக வடிய விடுங்கோ. நீர் தேங்காட்டி அந்த ஸ்போர் நீந்த வழியில்லை. வடிகால் இல்லாத இடத்தில் சுண்ணாம்புக்குச் செலவழிக்க முதல் கானுக்குச் செலவழிக்கலாம்.

வேரும் மண்ணும்

கான் பற்றிச் சொன்னது மிகச் சரி. மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன், பலரும் கேட்பதால்.

பிளாஸ்டிக் போர்த்தி வெயிலில் மண்ணைச் சூடேற்றுவது: சமவெளியில் பல நோய்க்கு உதவும். நீலகிரிக் குளிரில் மண் அந்தச் சூட்டுக்கு வராது. வேண்டாம்.

புது மருந்துகள்: சயாசோஃபமிட், ஃபுளுவசினம் போன்றவை வெளிநாடுகளில் நடவு நேரத்தில் இதற்குப் பயன்படுகின்றன. அங்கேயும் சுண்ணாம்போடு சேர்த்துத்தான். லேபிளில் உங்கள் பயிரும் இந்த நோயும் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். உருளை, திராட்சைக்கு என்று எழுதிய டப்பாவைக் கோஸில் ஊற்றினால் மருந்து எச்சம் குறைய அறுவடைக்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

எதிர்ப்பு ரகங்கள்: ஐரோப்பாவில் கிலாட்டன், டெக்கிலா போன்ற கோஸ் ரகங்கள் உண்டு. இந்த எதிர்ப்பு உயிரியின் சில வகைகளுக்கு எதிராக மட்டுமே நிற்கும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2003இல் கனோலாவில் (கடுகுக் குடும்ப எண்ணெய்வித்துப் பயிர்) நோய் தெரிந்தது, 2009இல் எதிர்ப்பு ரகம் வந்தது, 2013இலேயே அதை உடைக்கிற வகை வயலில் தென்பட்டது. எதிர்ப்பு விதை கிடைத்தாலும் பயிர்ச்சுற்றை விடாதீர்கள்.

மேட்டுத்தட்டு

எல்லாம் குறித்துக்கொண்டேன். வடிகால் முதலில், பிறகு பைச் சோதனை. கீழ்த்தட்டில் பூண்டு. மேல்தட்டுகளில் ஸ்போர் இருக்கிறதா இல்லையா என்று நட்டுப் பார்க்காமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

குழித்தட்டு

நட்டுத்தான் பார்க்கணும், ஆனால் தொட்டியில். தட்டுக்குத் தட்டு தனித்தனியாக மண் எடுங்கள். டில்லர் நுழைகிற வாசல், நீர் இறங்குகிற மூலை, பழைய எருக்குவியல் இருந்த இடம் இவை கட்டாயம். சுண்ணாம்பு போடுவதற்கு முன் எடுத்த மண்ணாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மண்ணுக்கும் இரண்டு மூன்று தொட்டி, தொட்டிக்குப் பத்து சைனீஸ் கோஸ் விதை. அது கிடைக்காவிட்டால் கடுகு. அடியில் தட்டு வைத்து மண் எப்போதும் ஈரமாக இருக்கட்டும், இரவில் குளிர் அதிகமானால் வீட்டுக்குள் வையுங்கள், 20 டிகிரிக்குக் குறைந்தால் முடிவு தாமதமாகும். கூடவே தென்னைநார்க் கழிவில் மட்டும் ஒரு தொட்டி ஒப்பிட்டுப் பார்க்க. ஆறு வாரத்தில் செடியை இழுக்காமல் தொட்டியைக் கவிழ்த்து, தண்ணீரில் மண்ணைக் கரைத்து வேரைப் பாருங்கள். பத்தில் ஒன்று வீங்கியிருந்தாலும் அந்தத் தட்டும் சுண்ணாம்புக் கணக்கில் சேர்ந்தது. எதுவும் வீங்காவிட்டால் எடுத்த மண்ணில் இல்லை என்று மட்டும் அர்த்தம், அடுத்த ஆண்டு மறுபடி பாருங்கள். சோதனை முடிந்த மண்ணை எடுத்த தட்டிலேயே கொட்டுங்கள், வேறெங்கும் வேண்டாம். செடியைக் காயவைத்து எரித்துவிடுங்கள்.